வீடும் விகிதமும்: சிங்கப்பூர்ப் பொதுக் குடியிருப்பில் இனவாரி வரம்பும் தமிழர் பரவலும்

குடிமக்களுக்கு வீடு கட்டித் தருவது பல அரசுகள் ஏற்றுக்கொண்ட கடமை. கட்டிய வீட்டில் எந்த இனத்தார் எத்தனை பேர் இருக்கலாம் என்று புளோக் வாரியாக எண்ணி வரம்பிடுவது அரிது. சிங்கப்பூர் அரசு இதை 1989 மார்ச் 1 முதல் செய்துவருகிறது. அன்று நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் சீனர், மலாய்க்காரர், 'இந்தியரும் பிறரும்' ஆகிய மூன்று பிரிவினருக்கும் உச்ச விகிதங்களை வகுத்தது. நாட்டில் வசிப்போருள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழ்ந்த காலம் அது. ஆகவே இது ஒரு நகரப் பகுதிக்கான ஏற்பாடாக நிற்காமல், ஏறத்தாழ முழுச் சமுதாயத்தின் இருப்பிடத்தையும் வகுக்கும் விதியாயிற்று.

தமிழாய்வு இக்கொள்கையை இதுவரை ஓரக்கண்ணால்தான் பார்த்துள்ளது. சிங்கப்பூர்த் தமிழர் சிதறி வாழ்வதற்கும் வீட்டில் தமிழ் குறைவதற்கும் 1989 ஆம் ஆண்டே காரணம் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. குடியிருப்பு வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று வரிசைப்படுத்தினால் இக்கூற்று நிலைக்கவில்லை. சிதறல் அதற்கு முன்பே பெருமளவு நடந்து முடிந்திருந்தது. 1989 செய்தது வேறொன்று.

1822: வரைபடத்தில் இடம்

இனவாரியாக இடம் ஒதுக்கும் பழக்கம் இத்தீவில் நவீன அரசோடு பிறந்ததன்று. 1822 நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரக் குழு ஒன்றை அமைத்து, ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் குடியிருப்பு வகுக்குமாறு பணித்தார். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த நகரப்படம் அந்தக் கட்டளையின் உருவம். ஐரோப்பியருக்குக் கடலோர நிலம், சீனருக்கு ஆற்றின் தென்மேற்குப் பகுதி, அரபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் கம்போங் கிளாம் பக்கம் என்று பிரித்த அப்படத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோருக்கு ஆற்றின் மேற்பகுதியில் 'சூலியா கம்போங்' குறிக்கப்பட்டது. இனங்களைக் கலப்பது அக்காலத் திட்டத்தின் நோக்கமில்லை. பிரித்து வைத்தால்தான் ஆள்வது எளிது என்பது அதன் கணக்கு.

வரைபடம் தமிழர் வாழ்வில் எப்படி இறங்கியது என்பதற்கு மாரியம்மன் கோயில் நல்ல சான்று. 1819 இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை கோயிலுக்கு இடம் கேட்டார். முதலில் பேசப்பட்ட தெலுக் ஆயர் நிலத்தில் நல்ல நீர் இல்லை. அடுத்து ஸ்டாம்ஃபோர்டு கால்வாயருகே 1821 இல் கிடைத்த நிலத்தை ஜாக்சன் திட்டம் வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டது. மூன்றாவதாக 1823 இல் கிடைத்ததே இன்றைய சவுத் பிரிட்ஜ் சாலை மனை. 1827 இல் அங்கே கோயில் எழுந்தது. அதே சாலையில் சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலும், சற்றுத் தள்ளித் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் அமைந்தன. இன்று இம்மூன்றும் சைனாடவுன் பகுதிக்குள் நிற்கின்றன. வகுத்த கோட்டுக்குள் மக்கள் நிற்கவில்லை என்பதை இக்கட்டடங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சூலியா கம்போங் என்ற பெயரோ வரைபடத்தோடு நின்றுவிட்டது.

தொழிலை ஒட்டிய குடியிருப்பு

பின்வந்த நூறு ஆண்டுகளில் தமிழரின் இருப்பிடத்தைத் தீர்மானித்தது தொழில். மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. சிராங்கூன் சாலையில் மாட்டுத் தொழிலும் அதை ஒட்டிய கடைகளும் மக்களைச் சேர்த்தன. தஞ்சோங் பகாரிலும் கெப்பல் கரையிலும் துறைமுகத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். வடக்கே செம்பவாங்கில் பிரித்தானியக் கடற்படைத் தளம் எழுந்தபோது தமிழரும் மலையாளிகளும் அங்கே பெருந்தொகையாகக் குடியேறினர். நகராண்மைத் துப்புரவுப் பணியாளர், ரயில்வே ஊழியர் ஆகியோருக்கும் அந்தந்த நிர்வாகமே இருப்பிடம் தந்தது.

இக்குடியிருப்புகளின் இயல்பை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே ஊர்க்காரர், ஒரே சாதியார், ஒரே கங்காணியின் கீழ் வந்தவர் என்று சேர்ந்து வாழ்ந்த இடங்கள் இவை. கோயில், தமிழ்ப் பள்ளி, படிப்பகம், நாடக மன்றம் ஆகியவை நடக்கும் தூரத்தில் இருந்தன. ஆனால் வேலை போனால் வீடும் போகும். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தமிழர் உரிமையாகக் கொண்டிருக்கவில்லை. பழைய வட்டாரங்களைப் பற்றிய ஏக்கம் நிறைந்த நினைவுக் குறிப்புகளில் இந்தச் செய்தி அடிக்கடி விடுபடுகிறது.

தீயும் மறுகுடியமர்த்தலும்

1927 இல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி, மூன்று பதிற்றாண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளே கட்டியது. 1960 பிப்ரவரி 1 அன்று அதன் இடத்தை வீவக ஏற்றது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ அத்தாப்புக் குடிசைப் பகுதியில் பரவிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களை மிகக் குறுகிய காலத்தில் அடுக்குமாடிகளில் குடியமர்த்தியது கழகத்தின் மதிப்பை உயர்த்தியது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிவதற்குள் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1964 இல் வீட்டுரிமைத் திட்டம் வந்தது. 1966 இல் நிலக் கையகப்படுத்தல் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது.

இவ்வேற்பாடுகளுக்கு நடுவே 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த சீன மலாய்க் கலவரங்களில் 36 பேர் மாண்டனர். இனவாரிக் குடியிருப்புகள் கலவரக் காலத்தில் கோட்டைகளாக மாறும் என்ற அச்சம் ஆட்சியாளர் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளைய கொள்கை விளக்கங்கள் பலவற்றில் இந்நிகழ்வு மேற்கோளாக வருகிறது. அந்த அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழரைப் பொறுத்தவரை உண்மையான சிதறல் இக்காலத்தில்தான் நிகழ்ந்தது. துறைமுக வரிசை வீடுகள் இடிபட்டன. 1971 இல் பிரித்தானியப் படைகள் வெளியேறக் கடற்படைத் தளத்தின் வேலைகளும் அவற்றோடு ஒட்டிய குடியிருப்புகளும் கலைந்தன. 1970-களில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்புக்கு இடம் விட்டன. வெளியேறியவர்கள் குவீன்ஸ்டவுன், தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக் என்று அந்தந்த ஆண்டில் எங்கே வீடு தயாராக இருந்ததோ அங்கே போயினர். மொத்த மக்களில் ஏழு விழுக்காடாக இருந்த ஒரு சமூகம், பதிவு வரிசைப்படி ஒதுக்கப்படும் வீடுகளில் குடியேறினால் எந்த விதியும் இல்லாமலே பரவிவிடும். புதிய நகரங்களில் வீடு ஒதுக்கும்போது இனங்கள் கலந்திருக்குமாறு பார்த்துக்கொள்ளும் வழக்கமும் கழகத்திடம் இருந்தது. அது சட்டமாக அறிவிக்கப்படாத வழக்கம்.

அந்த வழக்கம் கைக்கெட்டாத இடம் ஒன்று திறந்தது. 1971 முதல் வீவக வீட்டைத் தகுதியுள்ள எவருக்கும் சந்தை விலைக்கு விற்கலாம் என்றாயிற்று. மறுவிற்பனையில் கழகம் ஒதுக்குவதில்லை, வாங்குவோரே தேர்ந்தெடுக்கிறார்கள். பெற்றோருக்கு அருகில், கோயிலுக்கு அருகில், பழைய அண்டை வீட்டாருக்கு அருகில் என்று மக்கள் மெல்ல மீண்டும் கூடலாயினர். பிடோக், தெம்பனிஸ் நகரங்களில் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும், யீஷூனில் இந்தியரும் மிகுந்தனர். யீஷூனில் இந்தியர் சேர்ந்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. செம்பவாங் தளத்தில் ஒரு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு அதுவே பக்கத்துப் புதுநகரம். தளத்தின் குடியிருப்பருகே தொடங்கிய புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் பின்னர் யீஷூனுக்கே இடம் பெயர்ந்தது.

1989

1989 ஜனவரியில் சமூகத் தலைவர்கள் கூட்டத்தில் இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டி, தடுக்காவிட்டால் பழைய இனவட்டாரங்கள் திரும்பிவிடும் என்று எச்சரித்தவர் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். தமிழ் வழியினரான அமைச்சர் ஒருவரே அறிவித்தார் என்பது கொள்கையின் நோக்கம் குறித்து எதையும் மெய்ப்பிக்காது. எனினும் சிறுபான்மையினர் அதைக் கேட்டுக்கொண்ட விதத்தில் இதற்கும் பங்குண்டு.

அன்று வகுக்கப்பட்ட வரம்பு இது. சீனர் ஒரு வட்டாரத்தில் 84 விழுக்காடு வரை, ஒரு புளோக்கில் 87 விழுக்காடு வரை இருக்கலாம். மலாய்க்காரருக்கு இவை முறையே 22, 25. இந்தியருக்கும் பிறருக்கும் 10, 13. ஏற்கெனவே வரம்பைத் தாண்டிய புளோக்குகளில் இருந்த எவரும் வெளியேற்றப்படவில்லை. புதிதாக வாங்குவோருக்கும் விற்போருக்கும் மட்டுமே விதி பொருந்தியது. கொள்கையை மதிப்பிடும்போது அதன் இந்த மென்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அரசியல் சூழலையும் மறக்கலாகாது. முந்தைய ஆண்டில்தான் குழுத்தொகுதி முறை அறிமுகமாகி, ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவர் கட்டாயமாக்கப்பட்டார். ஒரு சிறுபான்மையினம் எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மையாக முடியாதபடி வீட்டு விதி பார்த்துக்கொண்டது. அவ்வினத்தார் நாடாளுமன்றத்தில் இடம்பெறத் தேர்தல் விதி வழி செய்தது. லிலி சுபைடா ரஹீம் தம் 'சிங்கப்பூர் டைலமா' நூலில், மலாய் வாக்காளர் ஓரிடத்தில் திரள்வதைத் தடுத்ததே இதன் அரசியல் விளைவு என்று வாதிட்டார். மலாய்க்காரர் தொடர்பில் அவ்வாதத்துக்கு வலு உண்டு. தமிழர் எந்தத் தொகுதியிலும் முடிவைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையில் இருந்ததில்லை. எனவே அதை அப்படியே தமிழர்க்குப் பொருத்துவது மிகை.

கணக்கின் உள்ளே

வரம்பு இயங்கும் விதத்தைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். இந்தியர் வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியர் தம் வீட்டை எவருக்கும் விற்கலாம். இன்னோர் இந்தியருக்கு விற்றால் விகிதம் மாறாது. சீனருக்கு விற்றால் குறையும். அங்கே தடைபடுபவர், இந்தியருக்கு விற்க விரும்பும் சீனரோ மலாய்க்காரரோ ஆவார்.

சுமை விழும் இடம் வேறு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள தமிழ்க் குடும்பம் வீட்டை விற்க வந்தால் சீனருக்கு விற்க இயலாது. நாட்டில் வீடு வாங்க வருவோருள் நான்கில் மூன்று பங்கினர் சீனர். அவர்கள் அனைவரும் விலக, மீதியுள்ளோருள்தான் வாங்குபவரைத் தேட வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனர் அதே அளவு, அதே தளம் கொண்ட வீட்டை எவருக்கும் விற்கலாம். ஒரே நடையில் எதிரெதிராக உள்ள இரு வீடுகளுக்கு இரு விலை உண்டாவது இப்படித்தான். பொருளியலாளர் மைசி வோங் மறுவிற்பனைத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வுகள், வரம்பு நிறைந்த புளோக்குகளில் விலை வேறுபாடு தோன்றுவதைக் காட்டின.

இங்கு ஒரு முரண் உள்ளது. சீனர் நிறைந்த புளோக்கில் வாழும் தமிழ்க் குடும்பம்தான் கொள்கை விரும்பிய கலப்பை நடைமுறையில் நிறைவேற்றிய குடும்பம். இழப்பு ஏற்பட்டால் அதைத் தாங்குவதும் அதுவே. சேமநிதியின் பெரும்பகுதியை வீட்டில் முடக்கி, முதுமைக்கு அதையே நம்பும் நாட்டில் இது சிறு செய்தியன்று.

விகிதங்களையும் மக்கள்தொகையோடு ஒப்பிட வேண்டும். 1990 கணக்கெடுப்பில் வசிப்போருள் சீனர் 77.8 விழுக்காடு, மலாய்க்காரர் 14.0, இந்தியர் 7.1, பிறர் 1.1. அப்போது வட்டார வரம்புக்கும் நாட்டு விகிதத்துக்கும் இடையே சீனருக்கு ஆறு புள்ளியும் மலாய்க்காரருக்கு எட்டுப் புள்ளியும் இடைவெளி இருந்தது. இந்தியரும் பிறருமாகச் சேர்ந்த 8.2-க்கு இருந்த இடைவெளி இரண்டு புள்ளிக்கும் குறைவு. ஆக, தொடக்கத்திலேயே மூன்றாம் பிரிவின் சட்டை இறுக்கமாகத்தான் தைக்கப்பட்டது. 1990-களுக்குப் பின் இந்தியாவிலிருந்து வந்த கல்விகற்ற குடியேறிகளால் அது மேலும் இறுகியது. 2010 இல் இந்தியர் 9.2, பிறர் 3.3. அவ்வாண்டு மார்ச் 5 முதல் இப்பிரிவின் வட்டார வரம்பு 12 ஆகவும் புளோக் வரம்பு 15 ஆகவும் உயர்த்தப்பட்டது. கூட்டினால் 12.5 வரும் ஒரு பிரிவுக்கு 12 என்ற வட்டார வரம்பு! 'பிறர்' பலரும் வசதியுள்ள இந்தியரில் ஒரு பகுதியினரும் தனியார் அடுக்குமாடிகளில் வசிப்பதால் வீவக வீடுகளில் நெருக்கடி இந்த எண் காட்டுமளவு இல்லை. இருந்தாலும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இருந்த தளர்வு இவர்களுக்கு இல்லை என்பது மாறவில்லை.

இந்தப் பிரிவுக்குள் தமிழர் தனியாக எண்ணப்படுவதில்லை. இந்தியருள் தமிழர் பாதிக்குச் சற்று மேல். ஒரு வட்டாரத்தில் புதிதாகக் குடியேறிய வடஇந்தியரால் வரம்பு நிறைந்தால், அங்கே பெற்றோருக்கு அருகில் வீடு தேடும் நான்காம் தலைமுறைத் தமிழருக்கும் கதவு அடைபடும். ராஃபிள்ஸின் குழுவாவது சூலியாக்களைத் தனியாகக் கண்டது என்று ஒருவர் கசப்போடு சொல்லக்கூடும்.

பள்ளியும் மொழியும்

வீட்டில் தமிழ் பேசும் இந்தியரின் விகிதம் 2000 இல் 42.9 ஆக இருந்து, 2020 இல் 29.2 ஆகக் குறைந்தது. இதைக் குடியிருப்பு விதியின் கணக்கில் எழுத முடியுமா?

தமிழ்வழிப் பள்ளிகளின் முடிவு 1989-க்கு முந்தியது. கடைசியாக நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982 இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பெயரில் தமிழ்மொழி நிலையம் தொடங்கியது. தத்தம் பள்ளியில் தமிழ் படிக்கப் போதிய மாணவர் இல்லாத பிள்ளைகள் பிற்பகலில் வந்து படிக்கும் இடம் அது. அப்படியொரு நிலையம் தேவைப்பட்டதே, தமிழ்ப் பிள்ளைகள் அதற்குள் தீவெங்கும் பரவிவிட்டதற்குச் சான்று. 1987 முதல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டன. தமிழ் அல்லாத இந்தியரின் பெருக்கமும் விகிதத்தைக் கீழிழுத்தது. தமிழ்க் குடும்பங்களுக்குள்ளேயே ஆங்கிலம் முதலிடம் பெற்றது வேலைச் சந்தையின் அழுத்தத்தால். ஒரு புளோக்கில் பதின்மூன்றுக்குப் பதில் இருபது தமிழ்க் குடும்பங்கள் இருந்திருந்தாலும் இப்போக்கு நின்றிருக்கும் என்று கருத இடமில்லை.

எனினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மலாய்க்காரரும் இதே வரம்புக்கு உட்பட்டவர்களே. அவர்களிடையே வீட்டுமொழி தமிழளவு தளரவில்லை. நூறு வீடுகளில் இருபத்தைந்து அவர்களுடையதாக இருக்க முடியும். பள்ளிவாசல் வட்டாரந்தோறும் உண்டு. பதின்மூன்று வீடுகள், அவற்றுள்ளும் தமிழ், மலையாளம், பஞ்சாபி, இந்தி என்று பிரிந்த நிலையில், கீழ்த்தளத்தில் கூடும் பிள்ளைகளின் பொதுமொழி ஆங்கிலமாகத்தான் இருக்கும். அவ்வளவே இவ்விதியின் பங்கு எனலாம். சிராங்கூன் சாலை இன்று தமிழர் குடியிருக்கும் இடமாக அல்லாமல் வந்துபோகும் இடமாக இருப்பதும் இந்த வரலாற்றின் விளைவே. ஷேரன் சித்திக், நிர்மலா புருஷோத்தம் இருவரும் 1982 இல் லிட்டில் இந்தியா பற்றி எழுதிய நூல், இம்மாற்றத்தின் நடுவே எழுதப்பட்டதாகப் படிக்கத்தக்கது.

2010-க்குப் பின்

2010 மார்ச்சில் இன்னொரு வரம்பும் சேர்ந்தது. நிரந்தரவாசக் குடும்பங்கள் ஒரு வட்டாரத்தில் 5 விழுக்காட்டுக்கும் ஒரு புளோக்கில் 8 விழுக்காட்டுக்கும் மேற்படலாகாது. மலேசியர் மட்டும் பண்பாட்டு நெருக்கம் கருதி விலக்கப்பட்டனர். இதனால் ஈப்போவிலிருந்து வந்த தமிழர் இந்த எண்ணிக்கையில் சேரமாட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்தவர் சேர்வார். இன வரம்பு இருவரையும் ஒன்றாகவே எண்ணும். ஒரே சமூகத்தாரை ஒரு விதி இணைத்தும் மறுவிதி பிரித்தும் வைப்பதைத் தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

கலப்பு மணங்கள் பெருகியதால் இனம் என்ற அளவுகோலே தளர்ந்துவருகிறது. வெவ்வேறு இனத்தவரான கணவன் மனைவியர் வீடு வாங்கும்போது இருவருள் ஒருவரின் இனத்தைத் தெரிவுசெய்ய இடமுண்டு. அத்தெரிவு நாளை விற்பனையில் எவ்வளவு பெறும் அல்லது இழக்கும் என்று கணக்கிட்டே செய்யப்படுகிறது என்றால் அதில் வியப்பில்லை.

சிறுபான்மையினரின் இழப்பு நாடாளுமன்றத்தில் பலமுறை எழுப்பப்பட்டது. 2021 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் பிரீத்தம் சிங் இதை விரிவாக முன்வைத்தார். தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ, சில உரிமையாளர்களுக்குச் சிரமம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, வரம்பை நீக்கினால் வட்டாரங்கள் மீண்டும் பிரியும் என்ற பழைய வாதத்தில் நின்றார். 2022 மார்ச்சில் ஒரு மாற்றுவழி அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகள் உரிமையாளராக இருந்து, முறையாக முயன்றும் வரம்பால் விற்க முடியாதவரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும். அதற்கு முன்பு, விற்பதற்குக் கூடுதல் அவகாசம் தருவதும் அரிதாக விலக்களிப்பதுமே நிவாரணமாக இருந்தன. புதிய ஏற்பாட்டில் விலையை மதிப்பிடுவது கழகம். தகுதியை முடிவு செய்வதும் கழகம். கலப்புக் குடியிருப்பின் செலவில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும் என்பதை அரசு முதன்முறையாக ஒப்புக்கொண்டது இதில்தான். அதற்கு 33 ஆண்டுகள் ஆயின.